நன்றி சொல்லி நிறுத்திவைத்த ரீச்சர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது மோசமான பள்ளிக்கூடம் என்பதால் அல்ல. நல்ல பள்ளிக்கூடம் என்பதால்தான். புகழ்கிறவர்களில் அநேகம் பேருடைய பிள்ளைகள் அங்கே படிப்பதில்லை. விடியற்காலையில் பிள்ளையை வான் வண்டியில் ஏற்றிப் பட்டினத்துக்கு அனுப்பிவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வேலியில் சாய்ந்து நின்று, "எங்கட பள்ளிக்கூடம் மாதிரி வராது" என்பார்கள்.

மன்னார்த் தீவில், கடற்கரைக்கும் மாதா கோயிலுக்கும் இடையில் இருக்கிறது அது. முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை. அரைச் சுவர் வைத்த வகுப்புகள். கச்சான் காற்றுக் காலத்தில் கரும்பலகையில் எழுத்தைவிட மணல் கூடுதலாக ஒட்டியிருக்கும். பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் ரை என்கிற பட்டி உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. எனக்குத் தெரிந்தவரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துணித்துண்டுதான். ஆனால் ஒரு துணித்துண்டு தொங்குவதற்காகத் தினமும் ஒரு மணித்தியாலம் பிள்ளையை வானுக்குள் அவிக்கலாம் என்பது ஊரின் முடிவு. பாம்பன் பக்கமிருந்து பார்த்தால்கூட எங்கள் ஊர்ப் பெருமை தெரியவேண்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

நான் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கோப்புத் தள்ளுகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டு தொழிலுக்கும் ஊரில் ஒரே அளவு மரியாதைதான். நிறையப் புத்தகம் வாசித்ததால் ஒரு நன்மை கண்டேன்: எந்த வேலையையும் ஏன் செய்ய முடியாது என்று நல்ல தமிழில் காரணம் சொல்ல வரும். அப்படியிருந்தும் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தேன். என் மூத்தவனை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தேன். அவனுக்கு முதலாம் தரத்தில் படிப்பித்தவர்தான் இந்தக் கதையில் வருகிற ரீச்சர்.

அவரிடம் ஒரு பழக்கம். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் முதல் நாட்களில் எழுத்துப் படிப்பிக்க மாட்டார். வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போவார். வழி காட்டவேண்டியது அந்தப் பிள்ளை. ரீச்சருக்கு வழி தெரிந்திருந்தாலும் வாய் திறக்க மாட்டார். பிள்ளை பிழையான ஒழுங்கையில் திரும்பினால் எல்லாரும் பிழையான ஒழுங்கையில் திரும்புவார்கள். அது தானாகக் கண்டுபிடித்துத் திரும்பும் வரைக்கும் வெயிலில் நடப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்த அன்று நான் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தேன். சாய்மனைக் கதிரையில், சாரத்தோடு, வாயைத் திறந்தபடி நித்திரை. கண் விழித்தால் ஒரு வகுப்பே என்னைச் சுற்றி நிற்கிறது.

"இதுதான் எங்கட அப்பா. இவர் எழுதுறவர்," என்றான் மகன்.

"நித்திரையிலயோ எழுதுறவர்?" என்று ஒரு பொடிச்சி கேட்டாள்.

ரீச்சர் சிரிக்கவில்லை. "யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்," என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த மதிப்புரைகளில் ஆகக் கனிவானது அதுதான்.

அந்த நடைகள் முடியும்போது எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வரும், எந்தப் பிள்ளை தகப்பன் கடலால் வருகிற நேரம் எழும்பி மீன் தரம் பிரிக்க உதவிவிட்டு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால் எழுப்ப மாட்டார். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, திரும்பி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுங்களா?" என்று அவன் கேட்க வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று முழுக்க ரீச்சரும் அவனைப் போலவே கதைத்தாராம். "உக்காருங்க, எழுதுங்க, பேசாதீங்க." மறுநாள் சிரிக்க ஆளில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து என் மகனும், "அம்மா, சாப்பாடு போடுங்க," என்றான்.

இந்த வருடம் என் இளைய மகள் முதலாம் தரம். அவளுக்கும் அந்த ரீச்சர்தான் என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். நான் தூரநோக்கோடு செய்த ஒரே திட்டம் அது.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை பெற்றோர் கூடிச் சிரமதானம் செய்வது வழமை. மார்கழி மழைக்கு ஊர்க் கழுதைகள் அரைச் சுவர் தாண்டி வகுப்புகளுக்குள் ஒதுங்கிவிடும். ஒரு மாத விடுமுறையில் அவை விட்டுப்போவதை எல்லாம் நாங்கள் அள்ளவேண்டும். நான் ஓலைக் கடகமும் கையுமாக ஐந்தாம் தர வகுப்பில் நிற்கும்போது, ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் வந்தார். எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரர். அவருடைய மகள் வானில் போகிற பிள்ளை.

"அண்ணை, கேள்விப்பட்டனீங்களே? ஒண்டாம் ஆண்டு ரீச்சரைத் தூக்கப்போறாங்களாம்."

கடகத்தை வைத்துவிட்டேன். "எங்க?"

"வேற எங்க? பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான். நல்ல ஆளெண்டா அங்கதானே இழுப்பாங்கள்."

பக்கத்து வகுப்பில் தும்புத்தடியால் கூட்டிப் பெருக்கிக்கொண்டு நின்ற ஒரு தாய் எட்டிப் பார்த்தார். ஒரு கரைவலை மீனவரின் மனைவி. அவருடைய பிள்ளைகள் எல்லாம் இந்தப் பள்ளிக்கூடம்தான். "உங்கட மேள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தானே தம்பி? அப்ப உங்களுக்கு லாபம்தானே."

"அக்கா, நான் ஊருக்காகக் கதைக்கிறன்."

"ஓம் ஓம். ஊருக்கு வாயைத் தாறியள். பிள்ளையைத்தான் தாறியள் இல்லை."

நான் சிரித்தேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்தினேன். அதற்குள் பள்ளிக்கூட அதிபரும் வந்துவிட்டார். அவர் ஒரு கன்னியாஸ்திரி. ஊர் முழுக்க அவருக்கு சிஸ்டர்தான். அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு வாளியோடு வந்தவர் விசயத்தைக் கேட்டதும் நின்றார்.

"பொறுங்கோ. முதல்ல ரீச்சரோட ஒருக்கா கதைச்சிட்டு..."

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ சிஸ்டர்," என்று செயலாளர் வெட்டினார். "இதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எனக்கு அப்போது ஒரு யோசனை வந்துவிட்டது. யோசனை வந்த எழுத்தாளன் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெரிய பதவியில் இருப்பவரிடம் ஒன்றைப் பெறவேண்டுமானால் கேட்கக் கூடாது. கேட்டால் "பாப்பம்" என்பார். அந்தப் பாப்பத்துக்குள் ஒரு தலைமுறை வளர்ந்து கலியாணம் கட்டிவிடும். அவரை விழாவுக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் அதை ஏற்கெனவே தந்துவிட்டதாக ஒலிவாங்கியில் நன்றி சொல்லிவிடவேண்டும். மாதா கோயில் பங்குச் சுவாமியும் சனமும் கை தட்டிய பிறகு இல்லை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் முதுகெலும்பு வளர்ந்ததில்லை. வாசிகசாலைக்கு மின்விசிறியும், விளையாட்டுத் திடலுக்கு வேலியும் எங்களுக்கு இப்படி வந்தவைதான்.

முதலாம் தரப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. நன்றியுரை நான். எழுதுகிறவன் என்பதால் எப்போதும் எனக்குத்தான் தருவார்கள். சனம் எழும்பிப் போகிற நேரத்தில் கதைக்கிற ஆள்.

"ரீச்சரை இங்கயே விட்டதுக்கு நன்றி எண்டு சொல்லிப்போடுவம்," என்றேன், சிஸ்டர் வாளியோடு அடுத்த வகுப்புக்குப் போன பிறகு.

செயலாளர் என் முதுகில் தட்டினார். "அண்ணை, இதுக்குத்தான் படிச்ச ஆள் வேணும் எண்டிறது."

ரீச்சரிடம் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை அவர் அங்கே இல்லை. அவருடைய ஊர் வெள்ளாங்குளம். பெருநிலத்தில், மாவட்டத்தின் வடக்கு ஓரம். தினமும் இருட்டோடு வெளிக்கிட்டு, பஸ் மாறி, பாலம் கடந்து வருகிறவர். அது எங்களுக்குத் தெரியும். கடல் உப்பு என்று தெரிவதைப்போலத் தெரியும்.

விழா அன்று பிள்ளைகளை வாசல் படலையடியில் வரிசையாக நிறுத்தினோம். அதிகாரி வரவில்லை. வெயில் ஏறியது. புதுச் சப்பாத்து கடித்து ஒரு பிள்ளை அழுதது. என் மகள் தன் தண்ணீர்ப் போத்தல் முழுவதையும் குடித்துவிட்டுக் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். ஐந்து வயதுப் பிள்ளைகளை வெயிலில் வாட்டித்தான் கல்விக்கு வரவேற்கவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது? என்னை விட்டிருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, இண்டைக்கு அந்தாளைப் பகைக்கிற நாளில்லை."

கடைசியில் வாகனம் வந்தது. ரீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாலை போட்டு, குனிந்து பேர் கேட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குள் கொண்டுபோய் இருத்தினார். அதிகாரி பேசினார். இப்படியான சிறிய பாடசாலைகளே தேசத்தின் அத்திவாரம் என்றார். அத்திவாரம் என்று சொன்னால் மண்ணுக்குள் புதைத்துவிட்டு மேலே ஏறி நிற்கலாம் என்ற வசதி உண்டு.

பிறகு நான். சுவாமிக்கு நன்றி, சோடா தந்த கடைக்காரருக்கு நன்றி, ஒலிபெருக்கி கட்டியவருக்கு நன்றி. அதன்பின் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். "எங்கள் பிள்ளைகளின் நன்மை கருதி, முதலாம் தர ஆசிரியையைத் தொடர்ந்து இங்கேயே பணியாற்ற அனுமதித்திருக்கும் பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு, இந்த ஊரின் நெஞ்சார்ந்த நன்றி."

சுவாமிக்கு ஒன்றும் தெரியாது. மகிழ்ந்துபோய் முதலில் கை தட்டினார். பள்ளிக்கூடமே அதிர்ந்தது. அதிகாரி சிஸ்டரைப் பார்த்தார், சுவாமியைப் பார்த்தார், எழும்பி வந்து ஒலிவாங்கியை வாங்கினார். "ஓம். ரீச்சர் எங்கயும் போகமாட்டா. அது என்ர பொறுப்பு."

செயலாளர் ஓடிப்போய் மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை ரீச்சருக்குப் போர்த்தினார். ரீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் எனக்கும் கண் கலங்கியது. என் பேச்சுக்கு நானே கலங்கியதில் அது முதல் தடவையல்ல.

தேநீர் நேரம், வகுப்புக்குப் பின்னால் தண்ணீர்ப் பைப்படியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன்.

"ரீச்சர், இனி ஒருத்தரும் உங்களை அசைக்கேலாது."

நிமிர்ந்தார். "அண்ணா, அந்த இடமாற்றம் நான் கேட்டு வந்தது."

எனக்கு விளங்கவில்லை. "பட்டினத்துக்கோ?"

"பட்டினமோ? ஆர் சொன்னது? எங்கட ஊருக்கு. வெள்ளாங்குளத்துக்கு. எத்தினை வருசமாக் கேட்டுக்கேட்டு இப்பதான் சரிவந்தது." குரல் உயரவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "என்ர மகனுக்கும் இண்டைக்குத்தான் ஒண்டாம் ஆண்டு. காலமை சப்பாத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனது தகப்பன். நான் இஞ்ச நிண்டு உங்கட பிள்ளைக்கு மாலை போட்டனான்."

பைப்பை இறுக்கிப் பூட்டினார்.

"அங்க அந்த வகுப்புக்கு ஆளே இல்லை அண்ணா. நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாமே."

பொன்னாடையை மடித்து என் கையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். உள்ளே போனதும், "ஆருக்கெல்லாம் பசிக்குது?" என்று அதே பழைய குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

இடமாற்றக் கடிதம் கையில் வரும்வரை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று சிஸ்டரிடம் அவர் வாக்கு வாங்கியிருந்தாராம். சிஸ்டர் என்மீது பாய்வார் என்று எதிர்பார்த்தேன். "உங்கட ரீச்சர் எண்டு எல்லாரும் சொல்லுறியள். அவவுக்கு ஒரு வீடிருக்கெண்டு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை," என்று மட்டும் சொன்னார். வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக நடந்த பெண்ணின் வீட்டுக்கு எங்களில் ஒருவராவது போனதில்லை.

அன்றிலிருந்து எனக்குக் கோபம். முதலில் என்மீது, அது பழகிய கோபம், சோற்றுக்கு முன் வந்து சோற்றோடு போய்விடும். மற்றது போகவில்லை. ஒரு ரீச்சரின் இரண்டு கைகளையும் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் பிடித்து இழுக்கும்படி விட்டது யார்? அதிகாரி மட்டுமா? பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் ஆட்களைத் தருவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் இன்னொரு ரீச்சர் எங்களுக்கு வந்திருப்பார். இவர் எப்போதோ தன் பிள்ளையிடம் போயிருப்பார். வான் ஏற்றிக்கொண்டு போனது பிள்ளைகளை மட்டுமல்ல. அதை அனுப்பிவிட்டு வேலியில் சாய்ந்து, "அருமையான பள்ளிக்கூடம்" என்கிறவனைக் கண்டால் எனக்கு ஏன் கோபம் வராது?

மறுவாரம் சிஸ்டர், செயலாளர், நான் மூவரும் அதிகாரியைப் பார்க்கப் போனோம். எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு நன்றிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

"ஐயா, ரீச்சரை விட்டுவிடுங்கோ," என்றேன்.

"என்ன?"

"அவ தன்ர ஊருக்குப் போகட்டும். நாங்கள் பிழையா விளங்கிக்கொண்டம்."

கதிரையில் சாய்ந்தார். "நீங்கள்தானே அண்டைக்கு ஒலிவாங்கியில நன்றி சொன்னனீங்கள்?"

"ஓம்."

"சுவாமி கை தட்டினவர்."

"ஓம்."

"அப்ப நான் இப்ப மாத்தினா என்னைப்பற்றிச் சனம் என்ன கதைக்கும்? சொன்ன சொல்லில நிக்காத ஆளெண்டல்லோ?"

மேசையில் அடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அடித்த முதல் மேசை அது. கண்ணாடி போட்ட மேசை, கை வலித்தது. "சனம் என்ன கதைக்கும் எண்டதுக்காக ஒரு தாயைத் தினமும் பஸ்ஸில ஏத்துவியளோ? அங்க ஒரு வகுப்பு ஆளில்லாமல் கிடக்குது!"

"கத்தாதேங்கோ. விட்டா உங்களுக்குத் தர என்னட்ட ஆளில்லை. உங்கட ஒண்டாம் ஆண்டை ஆர் எடுக்கிறது? நீங்களோ?"

எந்த வேலையையும் ஏன் செய்ய முடியாது என்று நல்ல தமிழில் சொல்ல வருகிற எனக்கு அப்போது அதுகூட வரவில்லை.

"நான் எடுக்கிறன்," என்றார் சிஸ்டர்.

"சிஸ்டர், உங்களுக்குக் கந்தோர் வேலை கிடக்கு."

"ஒண்டாம் ஆண்டையும் ரெண்டாம் ஆண்டையும் ஒரே அறையில வைக்கிறன். கந்தோர் வேலையைப் பின்னேரம் பாக்கிறன். சுவாமிக்கு நானே சொல்லுறன், ஐயா தாராள மனசோட விட்டவர் எண்டு. கையெழுத்தைப் போடுங்கோ."

அவர் போட்டார்.

அடுத்த கிழமை ரீச்சர் போனார். பிரியாவிடை ஒன்று வைப்போம் என்று செயலாளர் தொடங்கினார். சிஸ்டர் ஒரே பார்வையில் அவரை இருத்திவிட்டார். ரீச்சர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வழமையான பஸ்ஸில் ஏறினார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் இல்லை.

அன்று பின்னேரம் செயலாளர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இனி இஞ்ச ஒண்டாம் ஆண்டுக்கு ஆளில்லைத்தானே. பட்டினத்தில இன்னும் இடமிருக்காம். உங்கட சின்னவளுக்குக் கதைச்சுப் பாக்கட்டோ? வானிலயும் ஒரு இருக்கை கிடக்கு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த இருக்கையில் என் மகளை நான் இருத்திப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வகுப்பு, ஒரே அறை, கந்தோர்க் கோப்புகளோடு ஓடித்திரிகிற சிஸ்டர். அவருக்குப் பாட்டு வராது என்று மகள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரும் ஒருநாள் இப்படி ஒரு கணத்தில்தான் தொடங்கியிருப்பார். நல்ல தகப்பனாகத்தான் தொடங்கியிருப்பார்.

"அவள் இங்கதான் படிப்பாள்," என்றேன்.

"நான் நன்மைக்குத்தான் சொன்னனான்."

"அதுதான் பிரச்சினை. நீங்கள் எல்லாரும் நன்மைக்குத்தான். உங்கட மேளைக் கொண்டுவந்து இங்க சேருங்கோ, பிறகு வந்து என்னோட கதையுங்கோ!"

வேலிக்கு மேலிருந்த தலை இறங்கிவிட்டது. இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. அவருடைய மகளும் இன்றுவரை வானில்தான்.

வீட்டுக்குள் போனால் மனைவி ஒரு ஓலைப்பாயை எடுத்து நீட்டினாள். இரண்டு வகுப்புக்கும் கதிரை போதாதாம். சின்னவர்கள் நிலத்தில் இருக்கவேண்டும், ஆளுக்கொரு பாய் கொடுத்துவிடும்படி சிஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததால் பாயில் தூசி.

முற்றத்து வேலியில் போட்டு, தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்து அடிக்கத் தொடங்கினேன். தூசி போன பிறகும் அடித்தேன்.

"என்னப்பா," என்றாள் மனைவி குசினியிலிருந்து, "அந்தப் பாய் உங்களுக்கு என்ன செய்தது? அடிச்சது காணும், விடுங்கோ. பிள்ளை நாளைக்கு அதில இருக்கவேணும்."